பஜ்ஜிக்கு எந்தப் பூ?

மூன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குக் கோபிசெட்டிப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஊருக்குப் போயிருந்தேன். மார்கழி மாதம். சித்தி இருட்டோடு எழுந்து, வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டிருந்தார். சாணத்தை உருட்டி நடுவில் வைத்துவிட்டு, "ஓடிப்போய் அரசாணிப்பூ அஞ்சாறு பறிச்சுட்டு வா கண்ணு" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைக் கூரை முழுக்க அந்தக் கொடிதான் படர்ந்திருந்தது. சில பூக்கள் நீளமான காம்பில் ஒல்லியாக நின்றன. சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பச்சை உருண்டை இருந்தது. எனக்கு அந்த உருண்டைதான் பிடித்திருந்தது. அது இருந்தால் பூ சாணத்தில் ஆடாமல் நிற்கும் என்று நினைத்து, எட்டிய இடத்திலெல்லாம் தேடி, உருண்டை வைத்த பூக்களாகவே ஆறு பறித்துக்கொண்டு வந்தேன்.

கோலத்தைப் பார்க்க வந்த அம்மாயி திட்டவில்லை. ஒரு பூவை எடுத்து, அடியில் இருந்த உருண்டையை நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே கடுகைவிடச் சின்னதாக, வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். "பிஞ்சோட பறிச்சுப்போட்டியே கண்ணு. இதெல்லாம் அரசாணிக்காய்க் குட்டி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் விடியலில் என் கையைப் பிடித்துக் கொடிப் பக்கம் கூட்டிப்போய் அவர் ஒன்று காட்டினார். பெரியவளாகித் தாவரவியல் படித்தபோதுதான், அம்மாயி காட்டியதில் எவ்வளவு அறிவியல் இருந்தது என்று எனக்குப் புரிந்தது. அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்பதை மற்ற ஊர்களில் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றெல்லாம் சொல்வார்கள். பரங்கி என்றால் கடல் கடந்து வந்த ஐரோப்பியர். அந்தப் பெயரிலேயே காயின் கதை இருக்கிறது. இதன் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் கிலா நகிட்ஸ் என்றொரு குகை உண்டு. மனிதர்கள் வளர்த்த பூசணியின் விதைகள் அங்கே கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 10,000 ஆண்டுகள்! 1492இல் கொலம்பஸ் அந்தக் கண்டத்துக்குக் கப்பல் விட்ட பிறகுதான் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கோடு பரங்கியும் உலகம் சுற்றக் கிளம்பியது. போன இடத்திலெல்லாம் அதன் பூவும் சமையலறைக்குள் நுழைந்துவிட்டது. மெக்சிகோவில் பூவை மக்காச்சோள ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியோடு மடித்துச் சுடுகிறார்கள். ரோம் நகரில் பூவுக்குள் பாலாடைக்கட்டியை அடைத்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். வங்காளத்தில் கடலைமாவில் தோய்த்து எடுக்கும் பரங்கிப்பூ வறுவலைச் சூடான சோற்றோடு சாப்பிடுகிறார்கள்.

இத்தனை நாட்டுக்காரர்களும் பூவைப் பறித்துத் தின்றால் காய்க்கு எங்கே போவார்கள்? பதில் அந்த நீளக் காம்பில் இருக்கிறது.

பரங்கிக் கொடியில் இரண்டு வகைப் பூக்கள் பூக்கும். நீளக் காம்பில் ஒல்லியாக நிற்பது ஆண்பூ. இதழ்களை விலக்கிப் பாருங்கள், நடுவில் மஞ்சளாக ஒரு தடித்த குச்சி நிற்கும். மகரந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இப்படி ஒரே குச்சிபோல ஆகியிருக்கின்றன. விரலால் தொட்டால் மஞ்சள் பொடி அப்பிக்கொள்ளும். அதுதான் மகரந்தம். காம்பு குட்டையாக, பூவுக்கு அடியில் குட்டிப் பரங்கியை வைத்துக்கொண்டிருப்பது பெண்பூ. அதன் நடுவே குச்சி இருக்காது, பிசுபிசுப்பான சூல்முடி மடிப்பு மடிப்பாக இருக்கும். நான் ஆசைப்பட்ட அந்தப் பச்சை உருண்டைதான் சூலகம். நகத்தால் பிளந்தபோது தெரிந்த வெள்ளைப் பொட்டுகள் சூல்கள். ஒவ்வொரு சூலும் ஒரு விதையாக வேண்டியது.

விதையாக வேண்டுமென்றால், ஒரு சூலுக்கு ஒரு மகரந்தத் துகள் வந்து சேர வேண்டும். ஒரு பரங்கிக்காயில் நூற்றுக்கணக்கில் விதைகள் இருக்கும். அப்படியானால் அந்த ஒரு பெண்பூவுக்கு எத்தனை துகள்கள் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பரங்கி மகரந்தம் பெரியது, முள்முள்ளாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். காற்றில் பறக்காது. தேனீயோ வண்டோ தன் உடம்பில் அப்பிக்கொண்டு சுமந்தால்தான் உண்டு. போதுமான துகள் வந்து சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும், அல்லது ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகக் காய்க்கும். "பிஞ்சு வெம்பிப்போச்சு" என்று வீட்டில் சொல்வார்களே, அப்படி விழுவதில் பாதிக்கு மேல் தேனீ வராத குறைதான் என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் பூவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. பரங்கிப்பூ விடியும்போது விரியும், உச்சிவெயில் வருவதற்குள் வாயை மூடிக்கொள்ளும். மூடியது மறுபடி திறக்காது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நாம் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கொடியில் அவ்வளவு வேலையும் நடந்து முடிகிறது.

கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்களே. சில நாள் கழித்துத்தான் பெண்பூக்கள் எட்டிப்பார்க்கும். அப்போதும் ஆண்பூக்கள்தான் அதிகம். முதல் தடவை கொடி போடுகிறவர்கள் இதைப் பார்த்து, "எல்லாம் பூத்துப் பூத்து உதிருது, ஒரு பிஞ்சுகூட இல்லையே" என்று பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. ஒரு காயை வளர்த்துப் பெரிதாக்கக் கொடிக்கு ஏராளமான உணவு வேண்டும். அதற்கு முன்னால் இலைகள் விரிந்து, வெயிலை வாங்கி, உணவு சேர்க்க வேண்டும். ஆண்பூவுக்கு அவ்வளவு செலவில்லை. வெப்பம் கூடி, பகல் நீளும் காலத்தில் ஆண்பூக்கள் இன்னும் பெருகும். செடிக்குள் சுரக்கும் எத்திலீன் என்ற வாயு பெண்பூக்களைக் கூட்டும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கிற அதே எத்திலீன்தான்! அதனால்தான் சில விவசாயிகள் கொடி சின்னதாக இருக்கும்போதே எத்ரல் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறார்கள். அது செடிக்குள் போய் எத்திலீனாக மாறும்.

இப்போது புரிகிறதா, பஜ்ஜிக்கு எந்தப் பூவென்று? ஆண்பூதான். எப்படியும் மறுநாள் வாடி உதிரப்போகிற பூ. ஆனால் எல்லாவற்றையும் பறித்துவிடக் கூடாது. மகரந்தம் கொடுக்க இரண்டு மூன்றாவது கொடியில் நிற்க வேண்டும். அம்மாயி தேனீக்கள் வந்துபோன பிறகு, பூ மூடுவதற்கு முன்னால் பறிப்பார். அந்த இடைவெளி ரொம்பச் சின்னது. கூடையை எடுத்துக்கொண்டு அவர் போகும் வேகத்தைப் பார்த்தாலே மணி என்ன என்று தெரிந்துவிடும்.

தேனீ குறைந்த மாடித் தோட்டமாக இருந்தால் நீங்களே தேனீயாகிவிடலாம். காலையில் புதிதாக விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை மட்டும் கவனமாகக் கிழித்து எடுத்துவிடுங்கள். கையில் மகரந்தக் குச்சி மட்டும் இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் பெண்பூவின் சூல்முடி மடிப்பு எல்லாவற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். கிழித்த இதழ்களை எறியாதீர்கள், அவை சமையலுக்கு ஆகும். குச்சி கொடிக்கு, இதழ் வாணலிக்கு.

சரி, வாணலிப் பக்கம் போவோம். பொரிப்பது பெரியவர்கள் வேலை. பூவைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை, அதுதான் சுவாரசியமானதும்கூட. காம்பையும், அடியில் இருக்கும் பச்சை இதழ்களையும் கிள்ளுங்கள். நடுக் குச்சியை எடுத்துவிடுங்கள், அது லேசாகக் கசக்கும். பூவைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். தேன் குடிக்க வந்த எறும்புகள் விழும். மூடிப்போன பூவாக இருந்தால் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கண்டத்தில் பூசணிப் பூக்களையே நம்பி வாழும் ஒரு வகைத் தேனீ உண்டு. அதில் ஆண் தேனீக்கள் மத்தியானத்துக்கு மேல் மூடிய பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிடும்!

கடலைமாவில் கொஞ்சம் அரிசிமாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கரைத்து, பூவைத் தோய்த்து எண்ணெயில் போட்டதும் சடசடவென்று நுரை பொங்கும். எண்ணெய் கொதிப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். கொதிப்பது எண்ணெய் இல்லை, தண்ணீர். 100 கிராம் பரங்கிப்பூவில் சுமார் 95 கிராம் தண்ணீர்தான். மாவிலும் தண்ணீர் இருக்கிறது. எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி செல்சியஸ். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி வெளியே பாய்வதுதான் நீங்கள் பார்க்கும் குமிழி, கேட்கும் சத்தம். வெளியே மாவு முறுகிக் கூடுபோல ஆகும்போது உள்ளே பூ தன் நீராவியிலேயே வெந்துகொண்டிருக்கும். சத்தம் அடங்கினால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாயி பஜ்ஜி போடும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பி யாருடனாவது பேசிக்கொண்டே இருப்பார். காது மட்டும் வாணலியில் இருக்கும். சத்தம் மாறியதும் கரண்டி உள்ளே போகும்.

பூவைப் பொரியல் செய்தால் வேறொரு வேடிக்கை. ஒரு கூடைப் பூவைப் போட்டாலும் வதங்கிய பிறகு நாலு பேருக்கு ஆளுக்கொரு கரண்டிதான் வரும். இதழின் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிறைந்த பை. சூட்டில் பை கிழிந்து தண்ணீர் வெளியேறினால் மிச்சம் என்ன இருக்கும்? உப்பை முதலிலேயே போட்டுவிட்டால் அது இன்னும் வேகமாகத் தண்ணீரை இழுத்துவிடும். அதோடு, பூ நிறையத் தெரிகிறதே என்று போட்ட உப்பு, சுருங்கிய பொரியலில் கரித்துவிடும். ஆகவே உப்பு கடைசியில்.

பொரித்தாலும் வதக்கினாலும் பரங்கிப்பூவின் மஞ்சள் மட்டும் போவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஒரு சின்னச் சோதனை செய்யலாம். இரண்டு கிண்ணங்கள் எடுத்து, ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரும் மற்றொன்றில் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயும் ஊற்றுங்கள். இதழ்களை நன்றாகக் கசக்கி இரண்டிலும் போட்டு வைத்துவிடுங்கள். எண்ணெயில் மஞ்சள் இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. இந்த மஞ்சளுக்குக் காரணம் கரோட்டினாய்டு என்ற நிறமிகள். அவை எண்ணெயில்தான் கரையும். அவற்றில் ஒன்றான பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிட்டால்தான் உடம்பும் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான நிறம் வாழைப்பூ மடலில் இருக்கிறது. அந்தச் செங்கருநீல மடலைக் கிழித்துத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் நிறம் தண்ணீரிலேயே இறங்கிவிடும். அது ஆந்தோசயனின். அந்தத் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள், பச்சையும் நீலமும் கலந்த மாதிரி மாறும். புளிப்பா காரமா என்று கண்டுபிடிக்கும் இந்தச் சாயத்தை நாம் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாழைப்பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மனம் வராது. இதிலும் அம்மாயியின் கணக்குதான்! வாழை குலை தள்ளும்போது முதலில் திறக்கும் மடல்களுக்கு அடியில் இருப்பவை பெண்பூக்கள். அவை சீப்பு சீப்பாகக் காயாகும். நாம் சாப்பிடும் வாழை ரகங்களுக்கு மகரந்தமே தேவையில்லை, அதனால்தான் பழத்தில் விதையும் இல்லை. சீப்புகள் எல்லாம் வந்த பிறகு நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிற கூம்பில் மிச்சமிருப்பவை ஆண்பூக்கள். அவை காயாகப் போவதில்லை. அந்தக் கூம்பை ஒடித்துவிட்டால் அதற்குப் போகிற சத்து குலைக்குப் போகும். ஆக, நம் வீட்டு வாழைப்பூ உசிலியும் வடையும் ஆண்பூக்களால் ஆனவை.

வாழைப்பூவை ஆயும்போது ஒவ்வொரு பூவிலும் 'கள்ளன்' எடுக்கச் சொல்வார்கள். தலை பருத்த தீக்குச்சிபோல, வேகாமல் நறநறவென்று இருக்குமே, அதுதான். அது மகரந்தத் தாள் என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லை, அது சூல்தண்டும் சூல்முடியும். ஆண்பூவில் அதற்கு வேலை இல்லை, இருந்தாலும் நிற்கிறது. கூடவே பிளாஸ்டிக் துண்டுபோல ஒளி ஊடுருவும் ஒரு செதிலும் இருக்கும், அது ஓர் இதழ். இரண்டையும் எடுத்துவிட வேண்டும். நறுக்கிய பூவை மோரில் போடுவது எதற்காக? வெட்டுப்பட்ட இடத்தில் பூவின் பாலிபினால்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கின்றன. அதை முடுக்கிவிடுவது ஒரு நொதி. மோரின் புளிப்பில் அந்த நொதி முடங்கிவிடும். கத்தரிக்காயும் ஆப்பிளும் கறுப்பது இதே காரணத்தால்தான்.

அகத்தியிலும் முருங்கையிலும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். ஒரு பூவைப் பறித்தால் ஒரு காய் போகலாம். ஆனால் முருங்கை பூப்பதைப் பாருங்கள், கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அத்தனையும் காயானால் மரம் முறிந்துவிடும். பெரும்பாலான பூக்கள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. அதனால் ஒரு கிளையில் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் பறித்து, வெங்காயம் தாளித்து முட்டையோடு கிளறலாம். அகத்திப்பூவைப் பிரித்தால் மேலே ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இறக்கை, அடியில் படகுபோல ஒட்டிய இரண்டு என்று ஐந்து இதழ்கள் இருக்கும். அவரைப் பூவையும் நிலக்கடலைப் பூவையும் இதேபோலப் பிரித்துப் பாருங்கள், மூன்றும் ஒரே குடும்பம் என்று தெரிந்துகொள்வீர்கள். வேப்பம்பூவுக்குப் பறிக்கவே வேண்டாம். பங்குனி, சித்திரையில் மரத்தடியில் ஒரு வேட்டியை விரித்து வைத்தால் போதும்.

காலிஃபிளவரையும் பூவென்று சொல்கிறோம், ஆனால் அது இன்னும் பூவாகாத பூ. மொக்காகக்கூட மாறாமல், மாறலாமா என்ற நிலையிலேயே கிளைத்துக் கிளைத்துத் திரண்ட தண்டு நுனிகள்தான் அந்த வெள்ளை. ப்ரோக்கோலி ஒரு படி மேலே, பச்சை மொக்குகள். பறிக்காமல் விட்டால் மஞ்சளாகப் பூத்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பூத்ததெல்லாம் தின்னக்கூடியது இல்லை. அரளி, ஊமத்தை, செங்காந்தள் மூன்றும் உயிரைப் பறிக்கும் நஞ்சு. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்குச் செடிகளின் காயும் கிழங்கும் உணவு, ஆனால் அவற்றின் பூவைத் தின்னக் கூடாது. கடையில் மாலைக்கு விற்கும் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம். பரங்கி, சுரை, பீர்க்கு போன்றவற்றின் பூவோ காயோ வழக்கத்தை மீறிக் கடுமையாகக் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருளின் கசப்பு அது, சமைத்தாலும் போகாது. வீட்டில் பெரியவர்கள் பெயர் சொல்லிக் காட்டிக் கொடுத்த பூவை மட்டும்தான் வாயில் வைக்க வேண்டும்.

சுரை, பீர்க்கு என்றதும் நினைவு வருகிறது. அவற்றின் பூக்களைக் காலையில் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இரண்டும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் விரிபவை. சுரைப்பூ வெள்ளை வெளேரென்று இருப்பது இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளின் கண்ணில் படுவதற்காக. ஒரே வேலியில் பரங்கியும் பீர்க்கும் படர்ந்திருந்தால் ஒன்று காலைக் கடை, மற்றொன்று மாலைக் கடை. அம்மாயி வீட்டு வேலி அப்படித்தான் இருந்தது.

நான் ஆறு பெண்பூக்களைப் பறித்த மறுநாள் காலை, கூரையின் உச்சியில் எனக்கு எட்டாத இடத்தில் ஒரு பெண்பூ புதிதாக விரிந்திருந்தது. அம்மாயி ஏணியைச் சாத்தி என்னை ஏறச் சொன்னார். அடியில் இருந்து நீளக் காம்புப் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டு, குச்சியை மட்டும் என்னிடம் நீட்டினார். தடவிவிட்டு இறங்கினேன். விரல் மஞ்சளாக இருந்தது. அதைக் கழுவ மனமில்லாமல் அன்று மதியம் வரை அப்படியே வைத்திருந்தேன்.

மாசி மாதத்தில் அம்மாயி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய அரசாணிக்காயைக் கொண்டுவந்தார். "உன்ற காயி" என்று சொல்லி என் முன்னால் வைத்தார். அம்மா அதை அறுத்து விதைகளை வழித்துத் தட்டில் போட்டார். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். முந்நூறு தாண்டியதும் எண்ணிக்கை தவறிப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.